அடைப்பைக் கரைப்பதா, மூளை செல்களைக் காக்கும் மருந்தை நம்புவதா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்தான் கையெழுத்திட்டேன். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்று படிவத்தில் இருந்ததைப் பார்த்த சித்தப்பா, செல்களைக் காக்கும் மருந்து மட்டும் போதாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதே. ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு மட்டுமே இந்த ஒப்பீடு பொருந்தும். குழாய் வெடித்திருந்தால் கரைக்கும் மருந்து கேடு செய்யும் என்பதால்தான் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

செல்களைக் காக்கும் மருந்துகள், ரத்தம் நின்றதும் நரம்புச் செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் பெருகி, கால்சியம் செல்லுக்குள் பாய்ந்து அதை அழிப்பதைப் போன்ற சேதங்களைத் தடுக்க முயல்கின்றன. ஆய்வக விலங்குகளில் அது பலித்தது. மனிதர்களிடமோ, என்.எக்ஸ்.ஒய்.-059 என்ற மருந்து 2006-இல் நம்பிக்கையளித்து, அடுத்த ஆண்டே வெளியான பெரிய ஆய்வில் பொய்த்தது. 2012-இல் சிட்டிகோலினும், ஆம்புலன்ஸிலேயே ஏற்றிப் பார்த்த மெக்னீசியம் 2015-இலும் பலன் காட்டவில்லை. ஆனாலும் இதே வகையைச் சேர்ந்த எடரவோன் என்ற மருந்துக்கு ஜப்பான் 2001-இலேயே அனுமதி அளித்தது.

நான் கரைக்கும் ஊசியின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நேரம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் (நரம்புச் செல்கள்) அழிகின்றன என்பது ஒரு மதிப்பீடு. ஆனால் அடைப்பின் மையத்தைச் சுற்றியுள்ள செல்கள் உடனே இறப்பதில்லை. செயலிழந்து, மீண்டும் ரத்தம் வருவதற்காகக் காத்திருக்கின்றன. ரத்தமே வராத இடத்துக்குக் காக்கும் மருந்தும் போய்ச் சேர்வது கடினம். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தான ஆல்டிப்ளேஸ், பக்கவாதம் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று 1995-இலும், நாலரை மணி நேரம் வரை தரும் என்று 2008-இலும் ஆய்வுகள் காட்டின. 1995 ஆய்வில் ஊசி பெற்றவர்களில் சுமார் 6 சதவீதத்தினருக்கு மூளையில் ரத்தம் கசிந்து பாதிப்பு ஏற்பட்டது. அப்படியும் மூன்று மாதங்களுக்குப் பின் ஊனமின்றித் தேறியவர்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

“கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. சட்டையின் பாதிப் பொத்தான்களைப் போட்ட நிலையில் அப்பாவை நான் பார்த்தது ஏழேகாலுக்கு. ஆனால் ஊசிக்கான நேரக் கணக்கு அங்கிருந்து தொடங்காது. ஆறரைக்கு அவரோடு தெளிவாகப் பேசியது அம்மாவுக்கு நினைவிருந்ததால்தான் ஊசி போட முடிந்தது.

பெருங்குழாய் அடைப்பு இல்லாததால், கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் சிகிச்சை எங்களுக்குத் தேவைப்படவில்லை. தக்க ஸ்கேன் இருந்தால் சிலருக்கு அதை 24 மணி நேரம் வரை செய்கிறார்கள் என்பதைத் தாண்டி, அனுபவத்திலிருந்து என்னால் எதுவும் சொல்ல இயலாது.

அப்பா இன்று பொத்தான்களைத் தாமே போடுகிறார், கழுத்துப் பொத்தானைத் தவிர. ஊசி இல்லாமலும் இவ்வளவு தேறியிருப்பாரா என்பதை ஒருவரை வைத்து முடிவு செய்ய முடியாது. நான் கையெழுத்திட்டது அந்த ஆய்வுகளை நம்பித்தான்.