பத்து நிமிட வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் தந்த டிஃபோஸ்கோப்

ஒரே மூல நிரல், ஒரே கணினி, ஒரே கம்பைலர். பத்து நிமிட இடைவெளியில் டெபியன் லினக்ஸுக்கான என் பேக்கேஜை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பை) இரண்டு முறை பில்டு செய்தேன், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கினேன். கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பு இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு இருக்கிறது என்பதைத் தாண்டி அந்த மதிப்பு எதுவும் சொல்லாது. சுருக்கிய கோப்புகளை நேரடியாக ஒப்பிட்டும் பயனில்லை. உள்ளே நான்கு பைட் மாறினால் வெளியே பக்கம் பக்கமாக மாறியிருக்கும்.

டிஃபோஸ்கோப் அந்தச் சுருக்கத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. ஒரே மூல நிரலிலிருந்து எப்போதும் ஒரே கோப்பு வர வேண்டும் என்ற டெபியனின் ரிப்ரொட்யூசபிள் பில்ட்ஸ் முயற்சியில் டெப்பின்டிஃப் என்ற பெயரில் பிறந்த கருவி இது. பேக்கேஜைத் திறந்து, அதனுள் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியிருக்கும் டார் கோப்பைத் திறந்து, அதற்கும் உள்ளே போய், எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்று வழியோடு காட்டுகிறது.

முதல் அறிக்கை முழுவதும் கோப்புகளின் நேர முத்திரைகள்தான். என் பில்டு ஸ்கிரிப்ட், பேக்கேஜைக் கட்டும் டிபிகேஜி-டெப் கட்டளையை நேரடியாக அழைக்கிறது. பில்டு கருவிகள் தற்போதைய நேரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டிய நேரத்தைச் சொல்லும் சோர்ஸ்_டேட்_எபாக் என்ற சூழல் மாறியை அந்த ஸ்கிரிப்ட் அமைக்கவே இல்லை. மாற்றங்களைக் குறிக்கும் சேஞ்ச்லாக் கோப்பின் மிகப் புதிய பதிவின் தேதியை, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக அதில் வைத்தேன். நேரங்கள் எல்லாம் நேராகிவிட்டன. ஷா-256 மட்டும் இன்னும் வேறாகவே இருந்தது.

மறுபடி ஓட்டினேன். அறிக்கையில் மிஞ்சியவை இரண்டே வரிகள்: ஜிஜிப் என்ற கருவியால் சுருக்கிய உதவிக் கையேட்டின் கோப்பு, ஒன்றில் "கடைசியாக மாற்றியது 06:12:41", மற்றதில் "06:22:58". ஜிஜிப் தன் தலைப்பில் ஐந்தாம் பைட் முதல் எட்டாம் பைட் வரை மூலக் கோப்பின் நேரத்தை எழுதி வைக்கிறது. சோர்ஸ்_டேட்_எபாக்கை அது பார்ப்பதில்லை. பில்டு கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், அந்த நேரத்தை எழுதாதே என்று ஜிஜிப்புக்குச் சொல்லும் "-என்" என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தேன். அடுத்த முறை டிஃபோஸ்கோப் ஒரு வரியும் அச்சிடவில்லை. அந்த வெற்றுத் திரையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் வெளியிடும் பைனரி, நாம் காட்டும் மூல நிரலிலிருந்துதான் வந்தது என்பதை யார் வேண்டுமானாலும் தாமே பில்டு செய்து சரிபார்க்க முடிய வேண்டும். அதற்கு இந்த நான்கு பைட்டுகளும் தடைதான். ஆகவே இந்த உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குறைகளும் உண்டு. பெரிய பேக்கேஜ்களில் நேரமும் நினைவகமும் தாராளமாகச் செலவாகும். ஒவ்வொரு கோப்பு வகைக்கும் வெளிக் கருவிகளை நம்பியிருக்கிறது. அவை நிறுவப்படாவிட்டால் படிக்கக் கடினமான பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களின் வரிசைதான் கிடைக்கும். ஆகவே பரிந்துரைக்கப்படும் துணைக் கருவிகளையும் சேர்த்தே நிறுவுங்கள். நீளமான அறிக்கையை எச்டிஎம்எல் வடிவில் எடுத்துக்கொள்வது கண்ணுக்கு நல்லது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வேறுபாட்டைக் காட்டுவதுதான் இதன் வேலை, அதை வரவழைப்பது அல்ல. வரவழைக்க ரீப்ரோடெஸ்ட் என்ற வேறொரு கருவி இருக்கிறது. கடிகாரம், நேர மண்டலம், மொழி அமைப்பு, அடைவில் கோப்புகள் வரும் வரிசை ஆகியவற்றை மாற்றி பில்டு செய்துவிட்டு, முடிவை டிஃபோஸ்கோப்பிடம் ஒப்படைக்கும். என் பேக்கேஜ் அதில் முதல் முறையே தோற்றது: மொழி அமைப்பு மாறியதும் ஒரு பட்டியலின் அகரவரிசை மாறிவிட்டது.