கணவன் பெயரில் பட்டா, அடகில் மனைவியின் நகை: மணமுறிவில் வழக்கா, உடன்பாடா?

சம்பா நடவுக்குக் கையில் பணம் இல்லாதபோது மனைவியின் நகை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ அடகுக் கடைக்கோ போவது காவிரிப் படுகையில் வழக்கமான காட்சி. அறுவடைக்குப் பின் நகை மீள்வதும் உண்டு. மீளாமலே, அந்தப் பணமும் சேர்ந்து இரண்டு மா (பழைய நில அளவு) நஞ்சையாக மாறி, கிரையப் பத்திரமும் பட்டாவும் கணவன் பெயரில் நிற்பதும் உண்டு. மணமுறிவு என்று வரும்போது அந்த நஞ்சையில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பது அவள் தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்தது. (நாகூர், வேளாங்கண்ணிப் பக்கத்து இசுலாமிய, கிறித்தவக் குடும்பங்களுக்குச் சட்டங்கள் வேறு, இங்கே 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.)

பிரான்சில் குடியேறிய காரைக்கால் குடும்பங்கள் வேறொரு முறையை அறிந்திருக்கும். தனி ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியர் மணவாழ்வில் சம்பாதித்துச் சேர்த்தது இருவருக்கும் பாதிப்பாதி என்பது 1966 முதல் அங்கே பொதுவிதி. நமது சட்டத்தில் அந்தப் பாதி இல்லை. யார் பெயரில் பத்திரமோ அவருடையதே சொத்து என்பதுதான் தொடக்கப்புள்ளி.

வழக்காடும் வழியில் 27-ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக அமைந்த சீர்வரிசைப் பொருள்களை மட்டுமே தொடுகிறது. பின்னால் வாங்கிய நஞ்சைக்கு அது எட்டுவதில்லை. 25-ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சமோ பங்கீடு அன்று; ஆனால் அத்தொகைக்குக் கணவனின் நிலத்தையே பொறுப்பாக்க நீதிமன்றத்தால் முடியும் என்பது பலருக்குத் தெரியாத வலிமை. நகையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. கேரளத் தம்பதியர் வழக்கொன்றில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவியின் தனிச்சொத்து, நெருக்கடியில் கணவன் அதைப் பயன்படுத்தினாலும் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று கூறி, இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நடவுக்காக அடகு வைத்த சங்கிலிக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். நிலத்துக்குத் துணை நிற்பது 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: வெளிநாட்டில் கணவன் உழைக்க, இங்கே வீட்டைத் தாங்கிய மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ப்பில் பங்களிப்பே என்று அது சமபங்கு தந்தது. எனினும் அது மணமுறிவு வழக்கில் எழுந்ததன்று. அதை நம்பிச் செல்பவர் தனி உரிமையியல் வழக்கையும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பையும் ஏற்றாக வேண்டும்.

13-பி பிரிவின்படி ஒருமித்துப் பிரியும் வழிக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு அளித்தபின் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த நேர்வுகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017 முதல் உள்ள நிலை. சட்டம் தராத பாதியை இங்கே பேசிப் பெற முடியும்: இரண்டு மாவில் ஒரு மா, மனைக்கட்டு, மீட்டுத் தரும் நகை என எதையும் எழுதிக்கொள்ளலாம். ஆயினும் ஊர்ப் பெரியவர்கள் நடுவே ஒரு தொகையை வைத்து, 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று எழுதி வாங்கிவிடும் ஆபத்தும் இங்கேதான் மிகுதி. தீர்ப்பு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முதலிலேயே நிலத்தை எழுதிக்கொடுப்பவருக்கும் அச்சம் உண்டு. குடும்பத்தாருக்கான முத்திரைக் கட்டணச் சலுகை கணவன் மனைவி என்ற உறவு நீடிக்கும்போதுதான் பயன்படும் என்பதால், இறுதி விசாரணையை ஒட்டிச் செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பதிவுசெய்வது இருவருக்கும் நல்லது. கூட்டாக வாங்கிய வீட்டுக்கடனை ஒருவர் ஏற்பதாக எழுதினால் மட்டும் போதாது. வங்கியும் இசைய வேண்டும்.

பூர்வீக நிலத்தில் மனைவிக்கு இரு வழியிலும் பங்கில்லை. ஆனால் பிறந்த மகளுக்கும் மகனுக்கும் உள்ள பங்கை எந்த உடன்பாட்டிலும் தாய் விட்டுக்கொடுத்துவிடலாகாது.

கணக்கு வழக்குகள் வெளிப்படையாக இருந்தால் உடன்பாட்டையே பரிந்துரைப்பேன். வருமானத்தையும் நிலங்களையும் கணவன் மறைப்பதாகத் தோன்றினால், முதலில் ஜீவனாம்ச மனுவைத் தாக்கல் செய்வதே மேல். 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தந்தாக வேண்டும். அடகுச் சீட்டுகளையும் நகைக் கடை ரசீதுகளையும் அதற்குள் திரட்டி வைத்துக்கொண்டு, அந்த விவரங்களைக் கையில் வைத்தபடியே உடன்பாட்டுக்குத் திரும்பலாம். அதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.