ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் பான் கார்டைக் கொடுக்காதீர்கள்

சேலத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட வெளி ஆளிடம் போகிறவர்கள், முக்கியமாக என்னைப் போன்ற ஆசிரியர்களும் மாதச் சம்பளக்காரர்களும், இதைப் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே மூன்று பேர், மூன்று வெவ்வேறு ஆட்களிடம் இதேபோல் மாட்டியிருக்கிறோம்.

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. அஸ்தம்பட்டியில் வீடு, அதன் மேல் வங்கிக் கடன். அம்மா வழியில் ஏற்காட்டில் ஒரு ஏக்கருக்கும் குறைவான காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் கொஞ்சம் மிளகுக் கொடி. பழத்தைப் பறித்ததும் அப்படியே வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவோம். 2023-24ஆம் ஆண்டில் ஆள் கூலி, உரம் எல்லாம் போக 40,000 ரூபாய் கையில் நின்றது. சம்பளத்தைத் தவிர என் வரவு இவ்வளவுதான்.

இதற்கு ஒரு படிவம் நிரப்ப முடியாதா என்று 2024 ஜூலையில் நானேதான் முதலில் உட்கார்ந்தேன். எடுத்ததுமே ஆண்டுக் குழப்பம். சம்பளம் வாங்கியது 2023-24இல், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டிய அசெஸ்மெண்ட் ஆண்டு, அதாவது வரியை மதிப்பிடும் ஆண்டு, 2024-25. அடுத்தது வரி கணக்கிடப் பழைய முறையா, புதிய முறையா என்ற கேள்வி. அதை நேராகக் கேட்கவில்லை, 'புதிய முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா' என்று கேட்கிறார்கள். வீட்டுக் கடன் இருப்பதால் எனக்குப் பழைய முறைதான் லாபம், அதற்கு 'ஆம்' போட வேண்டும். 'இல்லை' என்று விட்டுவிட்டால் புதிய முறை தானாக வந்துவிடும். இருபது வருடமாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் நான். அந்தக் கேள்வியை நான்கு முறை படித்தேன்.

அதற்கப்புறம் வீடு. நாங்கள் குடியிருக்கிற வீடு, ஒரு ரூபாய் வாடகை வருவதில்லை. ஆனால் கடன் வட்டியை 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற இடத்தில்தான் காட்ட வேண்டும், அங்கே மைனஸ் 2,00,000 என்று வந்து நிற்கிறது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று அழித்து அழித்துப் போட்டேன். அதுதான் சரி என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியாக ஏற்காட்டுப் பணம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சஹஜ் என்கிற ஒன்றாம் எண் படிவம் ஏற்றுக்கொள்ளாது, இரண்டாம் எண் படிவத்துக்குப் போக வேண்டும். அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக அட்டவணைகள். இரவு பதினொன்றரைக்குக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அழுகை வராத குறைதான்.

மறுநாள் கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், சுவரில் 'ஐடி, ஜிஎஸ்டி, பான்' என்று ஃப்ளெக்ஸ். முப்பது வயதுக்குள் ஒரு பையன், மரியாதையாகத்தான் பேசினான். "உட்காருங்க டீச்சர், பத்து நிமிஷ வேலைங்க" என்றான். சம்பளமும் அதில் பிடித்த வரியும் இருக்கிற ஃபார்ம் 16ஐ வாங்கி மூன்றாம் பக்கத்தை மட்டும் பார்த்தான்.

காப்பித் தோட்டத்தைப் பற்றி நானாகத்தான் சொன்னேன்.

"விவசாயத்துக்கு வரியே இல்லீங்களே டீச்சர், அதை எதுக்குங்க காட்டணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிறகு, "உங்களுக்கு முப்பதாயிரத்துக்குப் பக்கமா ரீஃபண்ட் வாங்கித் தரேங்க. ஃபீஸ் ஐநூறு. பணம் வந்தப்புறம் அதுல பதினைஞ்சு பர்சென்ட் குடுத்தாப் போதுங்க" என்றான். பிடித்த வரி எப்படித் திரும்பி வரும் என்று கேட்டேன். "உங்க ஆபீஸ்ல எல்லா வரிக் கழிவையும் சேர்த்திருக்க மாட்டாங்க டீச்சர்" என்றான். நம்பிவிட்டேன். ஆதார் இணைத்த என் போனில் ஓடிபி வந்தது, சொன்னேன். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னேன். அவன் திரையை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் 31,200 ரூபாயும் அதற்குக் கொஞ்சம் வட்டியும் வங்கிக் கணக்கில் ஏறியது. 4,680 ரூபாயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2025 ஜூலை 14ஆம் தேதி, பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தமிழ்நாட்டின் பெயரும் அதில் இருந்தது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சுதான். இப்படிப்பட்டவர்கள் தங்களிடம் வருபவர்களின் கணக்கில் வசதிக்கு ஒரு ஈமெயிலைப் போட்டுவிடுவார்கள், துறை அனுப்பும் நோட்டீஸ் உரியவருக்குப் போகவே போகாது என்று செய்தியில் இருந்ததை ஒருவர் வாசித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. துறையிடமிருந்து ஒரு வருடமாக எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

அன்று மாலை கணக்குக்குள் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு என்னிடம் இல்லை. ஆதார் ஓடிபி மூலம் மாற்றி உள்ளே போனேன். என் பெயர், என் பான், என் முகவரி. அதற்குக் கீழே ஈமெயில் என்ற இடத்தில் நான் பார்த்தே இராத ஒரு ஜிமெயில்: என் பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறகு ஐந்து இலக்க எண். மொபைல் நம்பரும் என்னுடையது இல்லை.

போட்ட ரிட்டர்னை இறக்கிப் படித்தேன். படிவம் சஹஜ். விவசாய வருமானக் கட்டம் காலி. கழிவுகளில், சேமிப்புக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சம், அது சரி. இன்னும் கீழே 80ஜிஜிசி என்ற வரியில் 1,50,000. அது என்ன பிரிவு என்று தேடினால், அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடை! ரொக்கமாகக் கொடுத்தால்கூட அந்தக் கழிவு கிடையாது, வங்கி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நான் எந்தக் கட்சிக்கும் ஐந்து ரூபாய் கொடுத்ததில்லை. ஆனால் விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி கொடுத்திருப்பது நான். என் ஓடிபி, என் கையெழுத்து.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். அவன் முகத்தில் பதற்றமே இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தானுங்க போடறோம். பணம் வந்தப்போ நீங்க ஒண்ணும் கேட்கலீங்களே டீச்சர்?" என்றான். அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. நான் கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் தெரியாமல் கேட்காமல் விட்டதும், தெரிந்தே பொய் எழுதியதும் ஒன்றாகாது. அடுத்த வாரம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது.

ஒரு ஆடிட்டரைப் பார்த்தேன். திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15உடன் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த வழி அப்டேட்டட் ரிட்டர்ன். அந்த அசெஸ்மெண்ட் ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால், கட்ட வேண்டிய வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவீதம் கூடுதல். இரண்டாம் வருடமானால் 50, மூன்றில் 60, நான்கில் 70. துறையே கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தால், பொய்க் கணக்குக்கு அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்றார்.

காப்பி விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். ஏற்காட்டில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். விவசாய வருமானத்துக்கு நேரடியாக மத்திய வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அது 5,000த்தைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டியிருந்தால், விகிதம் கணக்கிட இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த 40,000த்தால் ஏறிய வரி 6,240 ரூபாய். பழத்தை அப்படியே விற்றால்தான் முழுதும் விவசாயம். தன் தோட்டத்துக் காப்பியைத் தானே க்யூரிங் செய்து (தோல் நீக்கிப் பதப்படுத்தி) விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதமும் வியாபார வருமானம். அப்போது இரண்டாம் எண் படிவமும் போதாது. மலையில் வீட்டிலேயே தூள் போட்டு டூரிஸ்டுகளுக்கு விற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரீஃபண்டைத் திருப்பி, 6,240ஐயும் சேர்த்து, வட்டி, கூடுதல் வரி எல்லாமாக ஏறக்குறைய 48,000 ரூபாய் கட்டினேன். ஆடிட்டர் ஃபீஸ் 3,000. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த சீட்டுப் பணம் அது.

ரிட்டர்ன் போடும் கெடு நெருங்கினால், கடைசி வாரத்தில் அந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும். வெளி ஆளிடம் போவதே தப்பு என்று சொல்லவில்லை, அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டியவள் நான். ஆனால் ரீஃபண்டில் சதவீதம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையாகப் போடுகிறவருக்கு ரீஃபண்ட் கூடினாலும் குறைந்தாலும் கூலி ஒன்றுதான். ஓடிபி சொல்வதற்கு முன்னால் படிவத்தை பிடிஎஃப்பாக வாங்கி, ஒவ்வொரு கழிவுக்கும் வீட்டில் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். ஈமெயிலும் மொபைலும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஏற்கெனவே இப்படிப் போட்டு வாங்கியவர்கள் இன்று இரவே கணக்கைத் திறந்து 80ஜிஜிசி வரியைப் பாருங்கள். தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தால், எங்கள் பள்ளிக்காரர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். ஆதார் இணைத்த போனை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.