பட்டுத் தளத்துக்கு நான்கு நட்சத்திரம், ஆயத்த ஆடைத் தளத்துக்கு ஒன்றரை

திருச்சி மலைக்கோட்டையை ஒட்டிய கடைவீதியில் இருக்கும் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில், ஆடித் தள்ளுபடி நாட்களில், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் துணி எடுத்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இப்படியொரு விமர்சனம் கண்ணில் பட்டால், குறையைச் சரிசெய்வதற்கு முன்பாக, அன்று அந்தத் தளத்தில் நின்றது யார் என்ற விசாரணைதான் முதலில் நடக்கும் என்பதை, சில காலம் ஜவுளிக்கடை விற்பனையாளராக இருந்தவன் என்ற முறையில் அறிவேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தளத்தில் உள்ள பட்டுப் பிரிவு, நான் அண்மையில் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தது. பழைய முறைப்படி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை அமைத்து, அதன்மேல் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கிறார்கள். விற்பனையாளர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் எதிரே தாழ்வான இருக்கைகளில் அமர்கிறார்கள். எங்களுக்குக் காட்டியவர் ஐம்பது வயதைக் கடந்தவர். ‘பாருங்கம்மா, பார்க்கிறதுக்குக் காசு இல்லை’ என்று சொல்லிக்கொண்டே அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். விலை குறைந்த ஒரு சேலையை நாங்கள் ஆவலுடன் பார்த்தபோது, அதிலிருப்பது வெள்ளி ஜரிகை அன்று என்பதையும், மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இழை பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி தருமேயன்றி ஜரிகையின் தரத்துக்குப் பொறுப்பேற்காது என்பதையும் நாங்கள் கேட்காமலேயே சொன்னார். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டால் உருப்படிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைக்கும் தொழிலில், இந்த நேர்மை எளிதாக வருவதில்லை.

வாங்குபவர் கண்ணில் அதிகம் படாத உழைப்பு ஒன்று உண்டு. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஒரு பட்டுச் சேலை ஆறு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நல்ல ஜரிகை வைத்த காஞ்சிபுரம் சேலை அரைக் கிலோவைத் தாண்டும். முந்தியைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் முழுவதையும் பிரித்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்று ஒதுக்கியதும் பழைய மடிப்பின் தடத்திலேயே மீண்டும் மடித்தாக வேண்டும், ஏனெனில் தடம் மாறினால் ஜரிகையில் கோடு விழுந்து அடுத்தவருக்கு அது பழைய சேலையாகத் தெரியும். திருமணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் பத்துப் பேராக வருகிறது. ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள். மேடைமேல் சேலைகள் குவிகின்றன. கடைசியில் இரண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். எதுவும் எடுக்காமல் போவதும் உண்டு. அந்தக் குவியல் அடுக்குக்குத் திரும்பும் முன்பே அடுத்த குடும்பம் வந்து அமர்ந்துவிடும். எங்கள் அத்தை ஒரு நீலத்தைத் தேடி அடுக்கையே காலி செய்யவைத்தபோதும் அந்த விற்பனையாளரின் முகம் சுளிக்கவில்லை. அவருடைய குணத்தை இதற்குக் காரணமாகச் சொல்லலாம். அவர் அமர்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது, அதே கடையின் இரண்டாம் தளத்துக்கு இறங்கி வந்தபோது எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆண்களுக்கான ஆயத்த ஆடைகள் அங்கே விற்கப்படுகின்றன. மேடை இல்லை, இடுப்பளவு உயரக் கண்ணாடி மேசைகள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் இளைஞர்கள். 42 அளவுச் சட்டை கேட்டால் 40 வந்தது. திருப்பிக் கேட்டபோது பதில் வரவில்லை, அடுக்கை நோக்கிக் கை மட்டும் நீண்டது. உடை மாற்றிப் பார்க்கும் அறைகள் இரண்டே. அவற்றின் முன் நீண்ட வரிசை. உள்ளே போனவர்கள் விட்டுச் சென்ற சட்டைகளைச் சேகரித்து, கழுத்துப்பட்டையில் அட்டை செருகி, குண்டூசி குத்தி, பழைய உறையில் நுழைக்கும் வேலையை, வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆள்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சட்டை காணாமல் போனால் அவருடைய சம்பளத்தில் பிடித்தம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை. நான் வேலை செய்த கடையில் இருந்தது.

அந்தத் தளத்தில் முக்காலி இல்லாமல் இல்லை. தூணருகே ஒன்று இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. அதில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்கள் அனைவருக்கும், வேலைக்கிடையே கிடைக்கும் வாய்ப்பில் உட்காரும் வகையில் பொருத்தமான இருக்கை வசதி செய்து தர வேண்டும். கேரளம் 2018-லேயே இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. அனைவருக்கும் என்று சட்டம் சொல்லும் இடத்தில் தளத்துக்கு ஒரு முக்காலி என்பது ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு மட்டுமே உதவும். இருக்கை இருந்தாலும் உட்காரும் துணிச்சல் வர வேண்டும். மேற்பார்வையாளர் பார்வை ஒருபுறம், தலைக்கு மேல் கேமரா மறுபுறம் இருக்க, கூட்டமில்லாத பிற்பகலிலும் யாரும் உட்காரவில்லை. ஒருவர் மட்டும் மேசைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மாற்றி மற்றொரு காலில் நின்றுகொண்டிருந்தார். பல ஆண்டுகள் இப்படி நிற்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நாளங்கள் புடைத்துச் சுருள்வதும், குதிகால் வலி நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் இத்தொழிலில் யாவரும் அறிந்தவை.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே அந்தச் சட்டத்தின் பொது வரம்பு. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டை ஊதியம் என்றும் விதி உள்ளது. காலை ஒன்பதரைக்குத் திறந்து இரவு பத்து வரை இயங்கும் கடையில் ஒரே முகங்களை இரு வேளையும் பார்க்க நேர்ந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது. கடைசி வாடிக்கையாளர் வெளியேறிய பின்னும் அடுக்கும் வேலை காத்திருக்கும். அதன் பிறகே சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஓட்டம்.

தரைத்தளத்தில் பில் போடும் இடத்தில் அன்று ஒரு தகராறு. 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி ரூ.2,500 வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. என்பதால், ஒரே பில்லில் இரண்டு விகிதங்களைக் கண்ட ஒருவர், ஏமாற்றுகிறார்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் குரலை உயர்த்தினார். அந்தப் பெண் வரியை விதிக்கவில்லை. ஆனால் வரிக்கான வசவு அவருக்குத்தான் வந்து சேர்ந்தது. பக்கத்து மேசையிலும் இதே நிலைதான். தையல் விட்டுப்போன சுடிதாரைக் கொண்டுவந்த ஒரு தாயிடம், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதை அங்கிருந்த இளைஞர் சுட்டிக்காட்ட நேர்ந்தது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை; பில்லில் காலவரை எதுவும் இல்லையெனில் 30 நாட்களுக்குள் கொண்டுவந்தால் ஏற்க வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. அந்தச் சுடிதாரை இறுதியில் மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், மேலாளர் இறங்கி வரும்வரை திட்டு வாங்கியவர் அந்த அச்சு வரியை எழுதியவர் அல்லர்.

விலையில் குறை சொல்ல இடமில்லை. பட்டில் தள்ளுபடி உண்மையானதாகவே இருந்தது. வாகனம் நிறுத்த இடம் கிடையாது. குடிநீர் எல்லாத் தளங்களிலும் உண்டு. மின்தூக்கி வாடிக்கையாளருக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பணியாளர்கள் மூட்டையோடு படியேறுகிறார்கள்.

பட்டு எடுப்பவர்கள் தயங்காமல் போகலாம். ஞாயிறும் ஆடிப்பெருக்கும் தவிர்த்த வார நாட்களில் முற்பகலில் போவது நல்லது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையின் அம்மா மண்டபப் படித்துறையில் நீராடிய கூட்டத்தில் ஒரு பகுதி மாலையில் இங்கேதான் வந்து சேர்கிறது. வீட்டிலேயே நிறத்தையும் தொகையையும் பேசி முடித்துக்கொண்டு போனால் மூன்றாம் தளத்தில் அரை மணி நேரத்தில் வேலை முடியும், மடிக்கவேண்டிய சேலைகளும் குறையும். ஆயத்த ஆடைக்கு, இரண்டாம் தளத்தில் அந்த அட்டைப்பெட்டிகளை இறக்கி, இன்னும் சில முக்காலிகளையும் போடும்வரை, நான் வேறு கடைக்குப் போகிறேன்.