ஜிப்ஸியா, ஜீப்பா, பழைய ஸ்கார்பியோவா: பிள்ளைகளோடு மலையேற எது தேறும்?

தார் சாலை முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரை ஐந்தாறு கிலோமீட்டர் கல் பாதை. மழைக்காலத்தில் குறுக்கே ஒரு ஓடை. இதற்குத்தான் எனக்கு வண்டி வேண்டும். சகதிப் பந்தயத்துக்கு இல்லை. நான், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியோடு அம்மா, ஐந்து பேர் ஏற வேண்டும். புது வண்டிக்குக் காசு கிடையாது. ஓடி ஓய்ந்த ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி) ஒன்றை வாங்கித் தேற்றலாம் என்று மூன்று வண்டிகளை அலசினேன்: மாருதி ஜிப்ஸி கிங், மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், எம்-ஹாக் என்கிற டீசல் எஞ்சின் வந்த பிறகான மஹிந்திரா ஸ்கார்பியோ ஃபோர் வீல்.

ஏறுவதை மட்டும் பார்த்தால் ஜிப்ஸிதான். எடை சுமார் ஆயிரம் கிலோ. கனத்த வண்டி அச்சு வரை புதைகிற களிமண்ணில் இது அலட்டாமல் போய்விடும். 1985 கடைசியில் வந்த முதல் ஜிப்ஸிக்கு 970 சிசி எஞ்சின். 1996இல் வந்த கிங்குக்கு 1.3 லிட்டர். அதிலும் 2000 வாக்கில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து பீச்சுகிற முறை) வண்டியைத் தேடுங்கள், 80 குதிரைத்திறன். கார்புரேட்டர் வண்டி செங்குத்தான சரிவில் சாய்ந்து நின்றால் பெட்ரோல் அளவு தாறுமாறாகி எஞ்சின் திணறும். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

சிக்கல் அந்தப் பின்சீட்டில்தான். எதிரெதிராக இரண்டு பெஞ்ச். பிள்ளைகள் பக்கவாட்டில் உட்கார்ந்து வர வேண்டும். திடீர் பிரேக்கில் அவர்கள் முன்பக்கமாகச் சரிந்து விழுவார்கள். முன்பார்த்த சீட் வைத்து பெல்ட் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். பழைய ஜிப்ஸியில் முதலில் இற்றுப்போவதே தளத்துத் தகரம். அதில் ஓட்டை போட்டு பெல்ட் போல்ட்டை முறுக்கினால் விபத்தில் சீட்டும் பெல்ட்டும் பிய்ந்துகொண்டு சேர்ந்தே வரும். தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து, சேஸிஸ் வரை வலு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டை வேறு. லேசான வண்டி என்பதால் கல்லில் துள்ளும். அம்மாவின் முட்டி இரண்டு கிலோமீட்டர் தாங்காது.

எம்.எம். 540க்கு எங்கள் தேனிப் பக்கம் தனி மரியாதை. போடி, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. இந்த ஜீப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிற மேஸ்திரி இங்கே உண்டு. பிரெஞ்சுக் கம்பெனி பிஜோவின் உரிமத்தில் செய்த 2112 சிசி டீசல், 62 குதிரைத்திறன். கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இல்லை. டீசலும் காற்றும் உள்ளே போனாலே ஓடும். ஆனால் பவர் ஸ்டியரிங் கிடையாது, நாலு பக்கமும் டிரம் பிரேக். ஓடையில் இறங்கி ஏறியதும் நனைந்த டிரம் கொஞ்ச நேரம் பிடிக்காது. அடுத்த வளைவு இறக்கமாக இருந்தால் நெஞ்சு அடைத்துவிடும். ஜிப்ஸியில் சொன்ன பெஞ்ச் சீட்டுக் குறை இதிலும் இருக்கிறது, கூரையும் படுதாதான். உண்மையைச் சொன்னால் இது ஆசைக்கு வைத்துக்கொள்கிற வண்டி. எனக்கும் ஆசைதான்.

"எல்லாத்தையும் மாத்திடலாம் சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். மாற்றலாம், எஃப்.சி.யில் யார் பதில் சொல்வது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேறு எஞ்சின் வைப்பதென்றால் ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பியை (புல் பார்) 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அதிகம் மாற்றாமலே பிழைக்கிற வண்டிதான் குடும்பத்துக்குத் தோது.

அந்தக் கணக்கில் ஸ்கார்பியோ முந்துகிறது. 2.2 லிட்டர் டீசல், 120 குதிரைத்திறன், ஏசி, பவர் ஸ்டியரிங், முன்பார்த்த நடுசீட்டு. தகரக் கூரை கம்பெனியிலிருந்தே வந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் கனம் ஜிப்ஸியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதைந்தால் ஆள் வைத்துத் தள்ள முடியாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2680 மில்லிமீட்டர், ஜிப்ஸிக்கு 2375தான். மேட்டின் உச்சியில் வயிறு தட்டும். ஃபோர் வீலுக்கு லிவர் இல்லை, சுவிட்ச்சைத் திருப்பினால் மோட்டார் மாற்றும். வருடக்கணக்கில் தொடாமல் விட்டிருந்தால் மாற்றாது.

சரி, என் ஓட்டு ஸ்கார்பியோவுக்கு. தனி ஆளாக இருந்திருந்தால் யோசிக்காமல் ஜிப்ஸி. வாங்கியதும் உயரம் ஏற்றுவது, விளக்கு மாட்டுவது எல்லாம் அப்புறம். முதலில் பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் குழாய், பால் ஜாயிண்ட், பழைய அளவிலேயே கரடுமுரடான டயர், இழுக்க வலுவான கொக்கி. இவ்வளவு செய்தாலே எங்கள் பாதைக்குப் போதும். காப்புக்காட்டுக்குள் எந்த வண்டியோடும் அனுமதியின்றி நுழைய முடியாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை ஈர மண்ணில் நிறுத்தி ஃபோர் வீல் லோவில் (மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கிற கியர்) போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கிறதா என்று கீழே இறங்கி நின்று பாருங்கள். "பேட்டரி வீக்கா இருக்கு சார், அப்புறம் காட்டுறேன்" என்றால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.