முழு மூட்டா, பாதி மூட்டா?

பாலக்கோட்டில் தக்காளி போடும் எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை விஷயத்தில் ஒரு மாதமாக இதே குழப்பம். "பாதியே போதும், சின்ன கத்திதான்" என்று பக்கத்து வீட்டு யோசனை வேறு.

மாற்றுவது
முழு: முழங்கால் மூட்டின் தேய்ந்த பரப்பு மொத்தமும்.
பாதி: தேய்ந்த ஒரு பக்கம் மட்டும். நடுத் தசைநார்கள் அப்படியே இருக்கும்.

தேறுவது
முழு: பிசியோதெரபிக்குப் பொறுமை வேண்டும்.
பாதி: சீக்கிரம் நடக்கலாம், மடக்குவதும் இயல்பாக இருக்கும்.

உழைப்பு
2019-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, 25 வருடம் தாங்குவது முழுவில் 100-க்குச் சுமார் 82, பாதியில் 70. எனக்கு இந்தக் கணக்குதான் பெரிதாகப் பட்டது.

செலவு
முழு மூட்டுக்கான கோபால்ட் குரோமியம் (உலோகக் கலவை) உபகரணத்துக்கு 2017-ல் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 54,720 ரூபாய். அறை, மருந்து எல்லாம் தனி. பெங்களூரு பஸ் ஏறுமுன் முதல்வர் காப்பீட்டு அட்டையோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை விசாரியுங்கள்.

சரி, யாருக்கு எது? ஒரே பக்கம் தேய்ந்து, தசைநார் உறுதியாக இருந்தால் பாதி. முடக்குவாதமோ, எல்லாப் பக்கமும் தேய்மானமோ என்றால் முழுதான். பெரியம்மாவின் எக்ஸ்ரே இரண்டாவது ரகம். அப்புறம், எதைச் செய்தாலும் குத்தவைத்துக் களையெடுப்பதை மறந்துவிட வேண்டியதுதான். அதற்குத்தான் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.