பில்லில் இருந்தது, ஹெட்டில் இல்லை: கேஸ்கெட் வேலைக்கு வண்டி விடுபவர்கள் கவனத்துக்கு

பழைய கார் வைத்திருப்பவர்கள், ஹெட் கேஸ்கெட் வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஜின் பிளாக்கின் மேல் மூடியாக உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே கசிவு இல்லாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். ஏழு வாரம் காத்திருந்து, கேட்ட பணத்தை முழுசாகக் கொடுத்தேன். பில்லில் எழுதியிருந்த வேலையில் பாதி நடக்கவே இல்லை. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது மாரிஸ் மைனர் 1000. 1959 மாடல், 948 சிசி. அப்பா ஓட்டிய வண்டி. ஒரு நாள் ஏற்றத்தில் திடீரென்று இழுவை போய், இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்தேன். ஒன்றாவது, நான்காவது சிலிண்டர்களில் 130 பிஎஸ்ஐ-யை ஒட்டிக் காட்டியது. இரண்டும் மூன்றும் 40-ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், நடுவில் கேஸ்கெட் எரிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இந்த இன்ஜினில் இரண்டுக்கும் மூன்றுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒன்றேதான். அந்த இடத்தில் சூடு அதிகம். ஆக, என்ன கோளாறு என்று தெரிந்தேதான் வண்டியை விட்டேன்.

பட்டறைக்காரர், பழைய வண்டி வேலையில் கைதேர்ந்தவர் என்று பலர் சொன்ன ஆள். "ஒரு வாரம் சார், அவ்வளவுதான்" என்றார். மூன்றாவது வாரம் போன் செய்தால் "ஹெட் லேத்துல இருக்கு சார்". ஐந்தாவது வாரமும் அதே பதில். நடுவில் ஒருமுறை, "இந்த வண்டிக்கு கேஸ்கெட்டே கிடைக்கலை, தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த ஏ-சீரிஸ் இன்ஜின் 1951-ல் வந்தது. கடைசி பழைய மினி வெளிவந்த 2000 வரை தயாரிப்பில் இருந்தது. இன்றைக்கும் இதற்கு கேஸ்கெட் செட் புதிதாகச் செய்கிறார்கள்.

ஏழாவது வாரம் வண்டி வந்தது. பில்லில் ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்குவது) 0.25 மில்லிமீட்டர், பிரஷர் டெஸ்ட் (விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது), புது கேஸ்கெட், புது ஸ்டட் (ஹெட்டை பிளாக்கோடு பிடிக்கும் திருகுக் கம்பி), வால்வு கிரைண்டிங், ஆயில், கூலன்ட் எல்லாம் வரிசையாக இருந்தன. பழைய கேஸ்கெட்டைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு சார்." லேத் பட்டறை ரசீது கேட்டேன். "அவங்க ரசீது எல்லாம் தர மாட்டாங்க." சரி என்று விட்டுவிட்டேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

பதினொரு நாள், 240 கிலோமீட்டர். அவ்வளவுதான். இந்த வண்டியின் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் மீட்டரே கிடையாது. ஆவி கிளம்பிய பிறகுதான் தெரியும். ஓரங்கட்டி, ஆறும் வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். மூடியின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருநெருத்தது. ஒழுக்கை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற மருந்து அது. கேஸ்கெட்டை ஒழுங்காக மாற்றியவருக்கு அதை ஊற்ற என்ன தேவை? ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குழைத்த சந்தனம் மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது.

அவருக்கே போன் செய்தேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். கொண்டு வாங்க, இன்னொரு கேஸ்கெட் போட்டுடலாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எனக்கு இன்னமும் கோபம் ஆறவில்லை. ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. மேற்பரப்பு தட்டையாக இருந்து, சரியாக முடுக்கினால், கேஸ்கெட் வருஷக்கணக்கில் நிற்கும். வயசான வண்டி என்பதால் பதினொரு நாளில் போகாது.

இந்த முறை வண்டியை லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஹெட்டை என் கண் முன்னால் இறக்கினார். நட்டுகளைக் கழற்றும்போதே, "ஒண்ணு கல்லு மாதிரி இருக்கு, ஒண்ணு கையாலயே சுத்துது பாருங்க தம்பி" என்றார். மொத்தம் ஒன்பது ஸ்டட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 40 பவுண்டு-அடி வரை முடுக்க வேண்டும். இதில் டார்க் ரெஞ்ச் பக்கத்தில்கூட வரவில்லை.

ஹெட்டைத் திருப்பி வைத்து, கெரசினில் துடைத்து, குறுக்கே ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது துல்லியமான நேர்ப்பட்டையை வைத்தார். அதன் அடியில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்தார். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே அது தடையே இல்லாமல் உள்ளே போனது. 0.05-க்கு மேல் இடைவெளி இருந்தாலே அவர் ஹெட்டைத் திரும்ப மாட்ட மாட்டாராம். அடுத்து ஹெட்டின் தடிமனை அளந்தார். 69.85 மில்லிமீட்டர், அதாவது 2.75 அங்குலம். ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த அதே தடிமன். பில்லில் சீவியதாக எழுதியிருந்த 0.25 அப்படியே ஹெட்டில் இருந்தது. ஏழு வாரமும் அந்த ஹெட் லேத் பக்கமே போகவில்லை.

கேஸ்கெட் மட்டும் புதுசுதான். அதை வளைந்த ஹெட்டின் கீழே வைத்து, சிவப்பு சிலிக்கானை இரண்டு பக்கமும் அப்பியிருந்தார்கள். பிதுங்கிய சிலிக்கான் ஒரு தண்ணீர் ஓட்டையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. புது ஸ்டட் என்று பில்லில் இருந்தவை பழைய துரு ஏறிய ஸ்டட்கள். பிளாக்கில் இரண்டு ஸ்டட் துளைகளைச் சுற்றி உலோகம் மேலே இழுபட்டு, விளிம்பு மாதிரி மேடாக நின்றது. அந்த மேட்டைச் சீவாமல் மேலே எந்த கேஸ்கெட்டை வைத்தாலும் உட்காராது.

பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் கீழே இருந்தது. அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும் சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்குகளைப் பார்த்தோம். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடியதில் இரண்டு ஷெல்களில் (பேரிங்கின் அரைவட்டத் தகடுகள்) மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. முதல் முறை கேஸ்கெட் போனபோது ஆயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. இது முழுக்க அந்த ரிப்பேர் செய்த சேதம். அப்பா அத்தனை வருஷம் ஓட்டியும் கெடாத பேரிங் அது. ஷெல்லைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் முதலில் ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்தார், விரிசல் இல்லை. பிறகு 0.20 சீவி, இப்போதைய தடிமன் 69.65 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரேடியேட்டரையும் பிளாக்கின் தண்ணீர் வழிகளையும் கழுவி அந்த மருந்தை எடுக்கவே ஒரு நாள் முழுக்க ஆனது. மாட்டிய பிறகு, "ஒருதடவை நல்லா சூடாகி ஆறினதும் கொண்டு வாங்க தம்பி, திரும்ப டைட் வைக்கணும்" என்றார். இந்த இன்ஜினில் வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் தாங்கிகளும் ஹெட்டின் நான்கு ஸ்டட்களிலேயே உட்காருவதால், திரும்ப முடுக்கினால் வால்வு இடைவெளியும் மாறும். அதையும் 0.012 அங்குலத்துக்கு மறுபடி வைத்துக் கொடுத்தார். முந்தைய பட்டறையில் இந்தப் பேச்சே எழவில்லை.

நீங்கள் வண்டியை விடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஹெட் மூடப்படுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். சீவிய ஹெட்டில் புதுக் கோடுகள் பளிச்சென்று தெரியும். சீவுவதற்கு முன்பும் பின்பும் தடிமன் எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். பழைய கேஸ்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லி, வண்டி விடும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என் வண்டியில் அந்த மறைவைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். வண்டி திரும்பி வந்ததும் ரேடியேட்டர் மூடியின் அடியைத் தடவிப் பாருங்கள்.

நான் வண்டி எடுக்கப் போன அன்று அவருடைய ஷெட்டில் இன்னும் இரண்டு பழைய கார்கள் பானட் திறந்தபடி நின்றன. ஒன்றில் ஹெட் இல்லை, பிளாக்கின் மேல் ஒரு துணி கிடந்தது. அதன் சொந்தக்காரர் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே நேரில் போய், உங்கள் ஹெட் எந்த லேத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.